ஊர் எதுன்னு கேட்டாங்க

என் மகளின் பள்ளிக்கூடம் ஒரே ஒரு வார்த்தையில் கைநழுவப் பார்த்தது. அந்த வார்த்தையை எடுத்தது அவள் இல்லை, அவளிடம் கேள்வி கேட்டவர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அன்றைக்கு எல்லோரும், என் வீட்டுக்காரர் உட்பட, அவளைத்தான் முறைத்தார்கள்.

அவளுக்கு ஏழு வயது. வீட்டில் கடுகு என்று கூப்பிடுவோம். ஆள் அந்த அளவு, சூடு பட்டால் வெடிப்பதும் அப்படித்தான். பிறந்தது இந்த நகரத்து அரசு மருத்துவமனையில். பிறந்ததிலிருந்து இந்த நகரத்தின் எல்லையைத் தாண்டி அவள் கால் வைத்ததில்லை. நாங்கள் இருப்பது ரொட்டிக்கடைக்கு மேலே ஒரு அறையும் ஒரு சமையல் மூலையும். என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நான் ஓட்டல்களுக்குப் படுக்கை விரிப்பு துவைத்துத் தேய்த்துக் கொடுக்கும் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறேன்.

இந்த நாட்டில் அரசுப் பள்ளி இலவசம். யாருக்கு இலவசம் என்பதில்தான் சூட்சுமம். குடியிருக்கிறவர்களின் பிள்ளைகளுக்கு. எங்களைப்போல வேலைக்கு வந்த வெளிநாட்டுக்காரர்களையும் குடியிருக்கிறவர்கள் என்று ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் வந்து போகிறவர்களை ஏற்க மாட்டார்கள். யார் குடியிருக்கிறார்கள், யார் வந்து போகிறார்கள் என்று பிரித்துப் பார்க்க ஒரு நேர்காணல். இங்கே ஏழு வயதில்தான் ஒன்றாம் வகுப்பு. அந்த வருடம் சேரத் தவறினால் அப்புறம் அரசுப் பள்ளியில் கதவு கிடையாது. காசு கட்டிப் படிக்கிற பள்ளி ஒன்று இருக்கிறது. அதன் வாசலில் நிற்கிற கார்களைப் பார்த்தாலே போதும், உள்ளே போய் விசாரிக்க வேண்டியதில்லை.

நேர்காணலுக்கு மூவரும் போனோம். கல்வி அலுவலகம், மூன்றாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. படியேறும்போது என் வீட்டுக்காரர் அந்த லிஃப்டையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார், பழைய காதலியைப் பார்க்கிற மாதிரி. உள்ளே வரிசையாக, ஒன்றோடொன்று பூட்டிப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள். தண்ணீர் இயந்திரம் இருந்தது, டம்ளர் இல்லை. சுவரில் பென்சில் பிடித்துச் சிரிக்கும் குழந்தைகளின் பெரிய படம்.

அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவைத்துக்கொண்டு, வெறும் கண்ணால் எல்லாவற்றையும் பார்க்கிறவர். நெற்றிக்கண்ணாடிக்காரர் என்று மனதுக்குள் பெயர் வைத்தேன். அவர் பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு பெண். இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பெண் என்று பார்த்ததும் தெரிந்தது. அவளுடைய தமிழ், பெட்டியில் இருந்து எப்போதாவது எடுத்து உடுத்துகிற துணி மாதிரி, மடிப்புக் கலையாமல் இருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். நம்ம பொண்ணு இருக்கா, இனி என்ன கவலை என்று நினைத்தேன்.

நெற்றிக்கண்ணாடிக்காரர் நீளமாக ஏதோ கேட்டார். அவருடைய மொழி எனக்குச் சலவைக்கூடம் வரைக்கும்தான் தெரியும். சோப்பு, நீராவி, சீக்கிரம், இன்னொரு தடவை. அவர் கேட்டது, இந்தப் பிள்ளையின் நிலையான இருப்பிடம் எது என்று. பிறகு தெரிந்துகொண்டேன். அந்தப் பெண் அதை எப்படிக் கேட்டாள்? யாராக இருந்தாலும் எப்படிக் கேட்பார்களோ அப்படித்தான் கேட்டாள்.

"உன் ஊர் எது பாப்பா?"

கடுகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். பதில் தெரிந்த கேள்வி வந்துவிட்டது. அவளுடைய அப்பா பிறந்த ஊரின் பெயரைக் கணீரென்று சொன்னாள்.

"அங்க எங்களுக்கு வீடு இருக்கு. வாசல்ல ஒரு பைப் இருக்கு, அதுல தண்ணியே வராது. அடுத்த வருஷம் ஊருக்குப் போயிடுவோம்."

அந்த வீட்டை அவள் பார்த்ததில்லை. அந்தக் குழாயையும்தான். எல்லாம் அவள் அப்பா சொன்ன கதை. அடுத்த வருடம் போய்விடுவோம் என்பதும் அவர் சொல்வதுதான். லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டு இவரைத் திட்டினால் வீட்டுக்கு வந்து சொல்வார். வீட்டுச் சொந்தக்காரன் வாடகையை ஏற்றினால் சொல்வார். தக்காளி விலை ஏறினாலும் சொல்வார். எங்கள் வீட்டில் அது கொட்டாவி மாதிரி, வரும், போகும். யாரும் பெட்டியைக் கட்டுவதில்லை.

பதில் சொல்லி முடித்த கையோடு கடுகு அந்தப் பெண்ணைப் பார்த்து, "உங்க ஊரு?" என்று ஆரம்பித்தாள். நாங்கள் பழக்கியது அப்படி. ஒருத்தர் நம் ஊரைக் கேட்டால் நாமும் அவர்கள் ஊரைக் கேட்பதுதானே மரியாதை? ஆனால் என் வீட்டுக்காரர் சட்டென்று அவள் வாயைப் பொத்திவிட்டார்.

"பெரியவங்களைத் திருப்பிக் கேக்கக் கூடாது."

அந்தப் பெண் புன்னகைத்தபடி மொழிபெயர்த்தாள். நெற்றிக்கண்ணாடிக்காரர் தட்டச்சு செய்தார். நன்றி சொல்லிவிட்டுக் கீழே வந்தோம். வழியில் கடுகுக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்தேன், கெட்டிக்காரியாகப் பதில் சொன்னதற்கு.

அடுத்த வாரம் கைப்பேசியில் செய்தி வந்தது. வருகையாளர். நிலையான இருப்பிடம் வெளிநாடு. அடுத்த ஆண்டு நாடு திரும்புவதாகக் குழந்தையே கூறியுள்ளது. அரசுப் பள்ளியில் இடமில்லை.

என் வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டுக் கடுகைப் பார்த்தார். அவள் தரையில் உட்கார்ந்து, வாங்கி வைத்திருந்த புதுப் பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்துக்கும் ஒரு வாயி. ஒரு வார்த்தை கம்மியா பேசியிருந்தா ஆகாதா?" என்றார்.

"அவ எங்க பேசுனா? நீங்க ஏழு வருஷமா பேசுனீங்க, அவ ஒப்பிச்சா," என்றேன்.

கடுகு ஜிப்பை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தாள்.

"ஏம்மா, நான் தப்பாவா சொன்னேன்? அது நம்ம ஊரு இல்லையா?"

அவள் பையை வாங்கி ஆணியில் மாட்டினேன். எனக்குக் கோபம்தான் வந்தது. அழுகை எனக்கு அப்புறம்தான் வரும்.

ஞாயிறு மத்தியானம் நாங்கள் மூன்று பேரும் கைப்பேசியில் ஒன்றாகப் பேசுவது வழக்கம். நான், என் அண்ணன், என் தங்கச்சி. அண்ணன் இருப்பது ஆறு மாதம் குளிர் அடிக்கிற ஒரு தேசத்தில், பஸ் ஓட்டுகிறார். தங்கச்சி எங்கள் ஊரிலேயே இருக்கிறாள், தையல் கடை வைத்திருக்கிறாள். நான் விஷயத்தைச் சொன்னதும் அண்ணனுக்கு நம்பிக்கையே வரவில்லை.

"என்ன, சேர்க்க மாட்டேங்கிறானா? இங்க அனுப்பலைன்னா கேஸ் போடுறான். போன மாசம் என் பையன் வயித்து வலின்னு நாலு நாள் படுத்துட்டான். ஒரு அம்மா வீடு தேடி வந்துட்டா. பையன் எங்க, ஏன் அனுப்பலைன்னு. நான் ஏதோ அவனைக் கட்டிப் போட்டு வேலை வாங்குற மாதிரி வீட்டை எட்டி எட்டிப் பாக்குறா. விசா இருக்கா இல்லையான்னு ஒரு வார்த்தை கேக்கலை."

தங்கச்சி சிரித்தாள். "இங்க சேக்குறது பெரிய விஷயமே இல்லை அக்கா. சேந்த பிறகு வாத்தியார் வரணும், அதான் விஷயம். புத்தகம் தர்றாங்க, சாப்பாடு போடுறாங்க. கணக்கு டீச்சர் மட்டும் இல்லை. நீ கடுகை இங்க கொண்டு வந்து விட்டுரு, நான் பாத்துக்குறேன்."

"உன் பிள்ளைக்கே கணக்கு டீச்சர் இல்லைங்கிற, என் பிள்ளையையும் கூப்பிடுறியே!"

"எல்லாப் பிள்ளையும் ஒண்ணா தப்பா கூட்டிப் போடட்டும், விடு," என்றாள்.

சிரித்தோம். ஆனால் போனை வைத்த பிறகு எனக்குள் அது கொதித்துக்கொண்டே இருந்தது. ஒரே வயிற்றில் பிறந்த மூன்று பேர். எங்கள் மூவர் பிள்ளைகளுக்கும் ஒரே மூக்கு, ஒரே பிடிவாதம். ஒருத்தன் பள்ளிக்கூடம் போகாவிட்டால் குற்றம். ஒருத்தி போனால் சோறு போட்டு உட்காரவைப்பார்கள். என் பிள்ளை மட்டும் போகவே கூடாது. அந்தப் பிள்ளைகள் என்ன புண்ணியம் செய்தார்கள், இவள் என்ன பாவம் செய்தாள்? அவர்களுடைய அப்பா அம்மா எந்த விமானத்தில் ஏறினார்கள் என்பதைத் தவிர இதில் வேறு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

சலவைக்கூடத்தில் ஒரு விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். சூடான உருளையில் இருந்து விரிப்பு வெளியே வர வர, ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, உதறி, நடந்து போய் மூலையோடு மூலையைச் சேர்க்க வேண்டும். நான் இந்த முனை. எதிர்முனையில் இருப்பவள் வேறொரு தேசத்துக்காரி. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருப்பது இந்த ஊர் மொழியில் கொஞ்சம் சொற்களும், இரண்டு பேர் கையும்தான். அவள் என் முகத்தைப் பார்த்தே என்ன என்று கேட்டாள். ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு துண்டாகக் கதையைச் சொல்லி முடித்தேன்.

"எங்கள் நாட்டில் ஊர் கேட்க மாட்டார்கள். காது கேட்பார்கள்," என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் விரிப்பைக் கீழே விட்டுவிட்டு, வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டுக் காட்டினாள்.

நான் போட்ட சத்தத்தில் மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்தார். என்னையும் அப்படித்தான் சேர்த்தார்கள்! தலைமை ஆசிரியர் முன்னால் நிறுத்தி, காதைத் தொடு என்றார். எட்டவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்தேன். அவர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார். அவ்வளவுதான் என் நேர்காணல்.

"ஆனால் உட்கார முக்காலியை நாமே கொண்டு போக வேண்டும். இரண்டு மைல், தலையில் வைத்துக்கொண்டு போவேன். என் தம்பி அதை உடைத்துவிட்டான். ஒரு வருடம் நின்றுகொண்டே படித்தேன்," என்றாள் எதிர்முனைக்காரி.

"நின்னுட்டாவது படிக்க விட்டாங்களே," என்றேன். அவள் தலையாட்டிவிட்டு அடுத்த விரிப்பின் மூலையைப் பிடித்தாள்.

என் வீட்டுக்காரர் ஒரு நாள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வாடகைக் காகிதம், மின்சார ரசீது, கடுகின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மறுபடி மூன்று மாடி ஏறினார். திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"ரசீது தங்கியிருக்கிற இடத்தைத்தான் காட்டுமாம். ஊரைக் காட்டாதாம். பிள்ளை தன் வாயால சொன்னது பதிவாயிடுச்சாம். அதை மாத்தணும்னா அவளே வந்து வேற பதில் சொல்லணுமாம். வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்குது."

"வேற பதில்னா?"

"இதுதான் என் ஊருன்னு சொல்லணும். அந்த ஊர் பேரை எடுக்கக் கூடாது."

அன்று சாயங்காலமே ஒத்திகை ஆரம்பமாயிற்று. அவர் அதிகாரி மாதிரி முக்காலியில் உட்கார்ந்துகொண்டார். உன் ஊர் எது என்று கேட்பார். கடுகு, இந்த ஊர்தான் என்று சொல்ல வேண்டும். ஒரு தடவை சொன்னாள். இரண்டாம் தடவை சொன்னாள். மூன்றாம் தடவை நிறுத்திவிட்டாள்.

"அப்ப அது யாரோட ஊருப்பா?"

"அதுவும் நம்ம ஊருதான் கண்ணு. ஆனா சொல்லக் கூடாது."

"ஏன், அந்த ஊரு ஏதாவது தப்பு பண்ணிடுச்சா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் சமையல் மூலையில் திரும்பி நின்று பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு இந்த ஒத்திகை கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனால் பள்ளிக்கூடம் வேண்டும். பிள்ளைக்கு எழுத்து வேண்டுமா, ஊர் வேண்டுமா என்று ஒரு தாயை நிறுத்திக் கேட்கிறார்களே, இவர்கள் நன்றாக இருப்பார்களா?

"இங்க பாரு," என்றார் அவர், என் முதுகைப் பார்த்து. "அங்க வந்து நீ எதுவும் பேசிடாதே. ஏதாவது எழுதி விசாவுல கை வச்சுட்டா மொத்தமும் போயிடும். நாம வந்த இடத்துல அடங்கி இருக்கணும்."

"பேச மாட்டேன்," என்றேன். பேசக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை. அதே மூன்று மாடி, அதே ஓடாத லிஃப்ட், அதே டம்ளர் இல்லாத தண்ணீர். நெற்றிக்கண்ணாடிக்காரர் எங்களை உட்காரச் சொன்னார். மொழிபெயர்க்கிற பெண் கடுகைப் பார்த்து அன்போடு சிரித்தாள். பாவம், அவளுக்குத் தான் என்ன செய்தோம் என்றே தெரியாது.

அவர் கேட்டார். அவள் குனிந்து, அதே மென்மையான குரலில், அதே வார்த்தையைக் கேட்டாள்.

"பயப்படாம சொல்லு பாப்பா. உன் ஊர் எது?"

என் வீட்டுக்காரர் கடுகின் தோளை லேசாக அழுத்தினார். கடுகு அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். உதடு பிரிந்தது, மூடியது. இவள் பொய் சொல்லத் தெரியாத பிள்ளை இல்லை. மிட்டாய் விஷயத்தில் எங்களையே ஏமாற்றுவாள். ஆனால் இந்தப் பொய் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. கடைசியில் வாயில் தயாராக இருந்த வேறு ஒன்று வந்துவிட்டது. அன்றைக்குக் கேட்டு முடிக்காத கேள்வி.

"உங்க ஊரு எதுக்கா?"

என் வீட்டுக்காரரின் கை அவள் வாயை நோக்கிப் போனது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஒரு ஊரின் பெயரைச் சொன்னாள். கால் தடுக்கினால் அம்மா என்று வருமே, அந்த வேகத்தில் வந்தது. எங்கள் ஊரில் காலையில் பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்விடலாம், அந்த ஊருக்கு.

"அங்க போயிருக்கீங்களா?" என்றாள் கடுகு.

"இல்ல பாப்பா. அப்பா கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டே இருக்காங்க. அடுத்த வருஷம் ஊருக்கே..."

அவள் பேச்சு அங்கேயே நின்றது. முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. அவள் தன் மேசையைப் பார்த்தாள், கழுத்தில் தொங்கிய அலுவலக அட்டையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

பேச மாட்டேன் என்று சொன்னதெல்லாம் எனக்கு மறந்துபோனது.

"சொல்லி முடிம்மா. அடுத்த வருஷம் என்ன?"

"ஊருக்கே போயிடலாம்னு சொல்லுவாங்க."

"எத்தனை வருஷமா சொல்றாரு?"

அவள் குரல் கீழே போனது. "நான் பிறந்ததுல இருந்து."

நெற்றிக்கண்ணாடிக்காரர் பேனாவால் மேசையைத் தட்டினார். என்ன பேசுகிறீர்கள் என்கிற தட்டல் அது.

"அவருகிட்ட சொல்லு. இவ என்ன கேட்டா, நீ என்ன சொன்னே, எல்லாத்தையும் சொல்லு. ஒரு வார்த்தை குறையக் கூடாது," என்றேன்.

என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் சொன்னாள். மெதுவாக ஆரம்பித்து, நடுவில் வேகம் பிடித்து, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டிச் சொன்னாள். அவர் நெற்றியில் இருந்த கண்ணாடியை முதல் தடவையாகக் கண்ணுக்கு இறக்கி அவளையே பார்த்தார். ஏதோ கேட்டார். அவள் ஒரே ஒரு வார்த்தையில் பதில் சொன்னாள். அது எனக்குத் தெரிந்த வார்த்தை. இங்கே. மறுபடி ஏதோ கேட்டார். மறுபடி அதே வார்த்தை. எங்கே பிறந்தாய், எங்கே படித்தாய் என்று கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

அவர் கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றினார். பிறகு பெருந்தன்மையோடு நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஏதோ சொன்னார். அந்தப் பெண் எங்கள் பக்கம் திரும்பினாள்.

"தப்பு நடந்திருக்கலாம்னு ஒத்துக்குறார். இப்பவே சரி பண்ணிடலாமாம். பாப்பா ஒரே ஒரு தடவை, அது என் ஊர் இல்லைன்னு சொன்னா போதுமாம்."

"சொல்லிடு கண்ணு," என்றார் என் வீட்டுக்காரர். அவர் குரல் கெஞ்சியது. அவர்மேல் எனக்கு அந்த நேரத்தில் கோபம் வரவில்லை. தன் ஊரைத் தன் மகள் வாயாலேயே இல்லை என்று சொல்லவைக்க ஒரு மனுஷன் கெஞ்சுகிறான் என்றால், அவனை அந்த நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்தியவர்கள்மேல்தான் எனக்குக் கோபம் வந்தது.

"சொல்லாதே," என்றேன்.

"நீ சும்மா இருக்க மாட்டியா?"

"இருக்க மாட்டேங்க." அந்தப் பெண்ணிடம் திரும்பினேன். "ஏம்மா, நீ முதல்ல சொல்லு. நீ சொன்ன பேரு உன் ஊரு இல்லைன்னு இவருகிட்ட சொல்லு. நீ சொல்லிட்டா என் பொண்ணும் சொல்லுவா."

அவளைச் சங்கடத்தில் மாட்டிவிட்டேன், தெரியும். அது அவளுடைய வேலை, அவளுடைய சம்பளம். ஆனால் என் பிள்ளையையும் அப்படித்தானே மாட்டியிருந்தார்கள், அவளுக்கு ஏழு வயதுதானே? அந்தப் பெண் நான் சொன்னதை அவருக்கு மொழிபெயர்த்தாள். அவர் அவளைப் பார்த்துக் கையை விரித்தார், சொல்லிவிடேன், என்ன இப்போது என்பதுபோல.

"நான் சொல்ல மாட்டேன்க்கா," என்றாள் அவள். தமிழில் சொன்னாள். பிறகு அதையே அவருடைய மொழியில் அவரைப் பார்த்துச் சொன்னாள்.

வெளியே நாற்காலியில் ஏதோ ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"வேற கேள்வி கேக்கச் சொல்லு. அந்த வார்த்தையை விட்டுட்டுக் கேக்கச் சொல்லு," என்றேன். "ராத்திரி எங்க தூங்குறான்னு கேக்கட்டும். காலையில எந்தக் குழாயில பல் விளக்குறான்னு கேக்கட்டும். எந்தத் தெருவுல விழுந்து முட்டி பேத்துக்கிட்டான்னு கேக்கட்டும். அவர் கேட்டது இருக்கிற இடம்தானே? ஊருங்கிறது வேற, அதை இவர் கேக்கவும் வேணாம், எழுதவும் வேணாம்."

அந்தப் பெண் அதை மொழிபெயர்த்து முடிக்கும் முன்பே கடுகு ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கு இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் தெரியும்.

"ரொட்டிக்கடைக்கு மேல தூங்குவேன். ஜன்னல் பக்கம். மழை பேஞ்சா அம்மா அங்க வாளி வைப்பாங்க. காலையில ரொட்டி வாசனை வந்துதான் முழிப்பேன். குழாயை ரெண்டு தடவை தட்டினாத்தான் தண்ணி வரும். கடைக்காரர் மீசையில எப்பவும் மாவு இருக்கும். மணல் கொட்டி வச்ச இடத்துல விழுந்தேன், இதோ பாருங்க," என்று பாவாடையை விலக்கி முட்டியைக் காட்டினாள்.

நெற்றிக்கண்ணாடிக்காரர் மேசைக்கு மேலாக எட்டி அந்த முட்டியைப் பார்த்தார். அந்தத் தெரு அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாவு மீசை என்றதும் அவர் வாய் ஓரம் கொஞ்சம் இழுத்தது. அதைச் சிரிப்பு என்று எழுத மாட்டேன். தட்டச்சு செய்தார், நிறுத்தினார், அழித்தார், மறுபடி தட்டினார்.

"திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டு வரச் சொல்றார்," என்றாள் அந்தப் பெண். அவள் கண் கலங்கியிருந்தது.

என் வீட்டுக்காரர் எழுந்து நின்று அவருக்கு நன்றி சொன்னார், மறுபடி சொன்னார், கதவு வரைக்கும் போய்த் திரும்பி இன்னொரு தடவை சொன்னார். என் முழங்கையை இடித்து, "நீயும் சொல்லு," என்றார்.

"எதுக்கு? அவர் வீட்டுக் கூரையைப் பிரிச்சா கொடுத்தார்?"

ஆனால் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தேன். அவளுக்குச் சொன்னேன் நன்றி. இதனால் அவளுக்கு வேலையில் ஏதாவது தொல்லை வந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வந்திருந்தால் அதில் என் பங்கும் இருக்கிறது. அதை நான் மறைக்கப் போவதில்லை. அதற்காக அன்று பேசியதை மாற்றிப் பேசியிருப்பேன் என்றும் இல்லை.

வெளியே வந்ததும், என் காதுக் கதையை வீட்டில் கேட்டிருந்த கடுகு கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொட்டுப் பார்த்தாள். நன்றாகவே எட்டியது.

"அம்மா, காதைத் தொடவே சொல்லலையே?"

"இவங்களுக்கு அந்த அளவுக்குப் படிப்பு இல்லடி," என்றேன். ஓடாத அந்த லிஃப்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்த என் வீட்டுக்காரர்கூடச் சிரித்துவிட்டார்.

படியில் இறங்கும்போது எதிரே ஒருவர் ஏறி வந்தார். தோளில் தூங்கிப்போன பையன், கையில் இன்னொரு பையன். நம் ஆள். மூச்சு வாங்க என்னிடம் கேட்டார்.

"உள்ள என்னங்க கேப்பாங்க? கஷ்டமா இருக்குமா?"

"ஊர் எதுன்னு கேப்பாங்க."

"அவ்வளவுதானா?" என்று அவர் முகம் மலர்ந்தது. கையில் இருந்த பையன் நிமிர்ந்து உட்காரப்போகிறவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்தினான். நான் அவரைப் படியிலேயே நிறுத்தினேன்.

"சொல்லுங்க. சத்தமா சொல்லுங்க. சொல்லிட்டு அங்க உக்காந்திருக்குற நம்ம பொண்ணுகிட்ட அவ ஊரைத் திருப்பிக் கேளுங்க."